அறுபதடி நேர் ரோடு

கடைசி ஆப்பையும் அடித்து முடித்துவிட்டு, தறி எப்படி நிற்கிறது என்று தள்ளி நின்று பார்க்கலாம் என்று பரசுராமன் நினைத்தான். தள்ளி நிற்க இடமில்லை. முதுகு சுவரில் இடித்தது.

"முடிஞ்சிதும்மே. இனிமே இந்த வூட்ல தறி குடியிருக்கும். நாம அதுக்குக் கீழ வாடகைக்கு இருந்துக்கலாம்."

மனைவி அன்னம்மாள் பலகையில் உட்கார்ந்து மிதியை ஒரு முறை அழுத்திப் பார்த்தாள். வாலாஜாபாத்தில் ஒரு வீட்டில் பிரித்துப் போட்டிருந்த பழைய தறி. பரசுராமனின் ஷேர் ஆட்டோவில் நாலு நடையாக வந்து சேர்ந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி கூடத்தில் தறி போக மிச்சமிருந்தது ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற சந்து. கட்டில் வாசலில் நிமிர்ந்து நின்றது. மகள் சுகாசினி தறிக்கு அடியில் பாயை விரித்து, படுத்துப் பார்த்து, "ரயில் பெர்த் மாதிரி இருக்குதும்மா" என்றாள்.

"தல தூக்காத. இடிச்சிக்குவ."

"எனக்கு ஒண்ணும் ஆவாது. தறிக்கு ஆவாம பாத்துக்கறேன்."

பத்தொன்பது வருஷமாக அன்னம்மாள் நெய்தது குப்புசாமி வீட்டுத் தறியில். ஊருக்குள் நெசவுக்காரத் தெருவில் அவருக்கு மூன்று தறி. நடுத்தறி அவளுடையது என்று எல்லோரும் சொல்வார்கள். அவளுடையது அல்ல. அவள் உட்காருகிற இடம், அவ்வளவுதான். அவள் கையில் இறங்கிய புடவைகள் எல்லாம் குப்புசாமி வீட்டுப் புடவைகளாகவே கடைக்குப் போயின.

தை பிறந்த வாரத்தில் ஸ்ரேயா அங்கே வந்தாள். பெரிய பட்டுக்கடை பாலசந்திரனின் மகள். பெங்களூரில் படித்துவிட்டுத் திரும்பியிருந்தாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எல்லோரையும் அக்கா, அண்ணா என்றாள். கடை ஐந்து நெசவாளர்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறது. அவர்கள் சொந்தத் தறியில், சொந்தப் பெயரில் நெய்யலாம். புடவையின் முந்தானை ஓரத்தில் அவர்கள் பெயரே இருக்கும். வருஷம் முழுக்க வேலை உறுதி.

"யார் வேணா சேரலாம்க்கா. ஆம்பள, பொம்பள, எந்த ஊர், எந்தத் தெரு, எதுவும் பாக்க மாட்டோம். பேரைக்கூட மறைச்சிடுவோம். புடவைக்கு நம்பர்தான். எல்லாருக்கும் ஒரே பட்டு, ஒரே ஜரிகை, ஒரே நாற்பது நாள். வேலை மட்டும்தான் பேசும்."

அவள் மனசாரச் சொன்னாள். அது அன்னம்மாளுக்குத் தெரிந்தது. அதனால்தான் கை தூக்கினாள்.

அன்று சாயங்காலம் விதித்தாளை சுகாசினி வாசித்தாள். அவள் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் உதிரி பாகங்களுக்குத் தரம் பார்க்கிற வேலையில் இருந்தாள்.

"சூப்பர்மா. பேர் தெரியலன்னா பாரபட்சம் பண்ண முடியாது. டெஸ்ட்டுன்னா இப்பிடித்தான் இருக்கணும்."

"இன்னும் இன்னா போட்டிருக்குது?" என்றான் பரசுராமன்.

"தறி சொந்த வீட்ல இருக்கணும். பாவு போடறதுலேர்ந்து அறுக்கற வரைக்கும் நெசவாளர் பொறுப்பு. தறி இருக்கிற எடத்துல மீன், கருவாடு, மசாலா வாசனை இருக்கக் கூடாது. பட்டு வாசனைய இழுத்துக்கும்."

"அந்தப் பொண்ணு வூட்லயும் இதே ரூல்தானா?"

"அவங்க ஜைனருப்பா. வெங்காயமே சேக்க மாட்டாங்க."

"அப்ப அவங்களுக்கு ரூலே வேணாம். எனக்குத்தான் ரூலு." பரசுராமன் தட்டில் இருந்த நெத்திலிக் கருவாட்டைத் தூக்கிப் பார்த்தான். "நாப்பது நாளைக்கு உன்னைப் பாக்க முடியாது ராசா. எல்லாருக்கும் ஒரே சட்டமாம்."

சுகாசினி சிரித்தாள். அன்னம்மாளும் சிரித்தாள். தறி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ரசமும் கீரையும்தான். பரசுராமன் பக்கத்து வீட்டு ஜெபகுமாரிடம் போய்க் குழம்பு மட்டும் வாங்கித் தெருவில் நின்று குடித்துவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

மாசி முதல் வாரம் கடையிலிருந்து பாவு வந்தது, புடவையின் நீளவாட்டு இழை முழுக்க. அரக்கு நிறம். பின்னிய சடைபோல உருட்டி, வெள்ளைத் துணியில் கட்டிக் கொடுத்தார்கள். அதை அப்படியே தறியில் ஏற்ற முடியாது. விடியற்காலையில் அறுபதடி நீளத்துக்கு நேராக நீட்டி, இரண்டு முனையிலும் முளையடித்து இழுத்து, நடுவில் மூங்கில் கவைகள் கொடுத்துத் தாங்கி, நாலாயிரத்துச் சொச்சம் இழையையும் பிரித்து, அறுந்ததை முடிந்து, அரிசிக் கஞ்சி தெளித்து இளவெயிலில் காயவிட வேண்டும். எட்டுப் பேராவது பிடிக்க வேண்டும். வெயில் ஏறினால் இழை விறைத்து அறுந்து போகும்.

நெசவுக்காரத் தெரு இதற்காகவே போட்டதுபோல நீளமாக, நூல் பிடித்த மாதிரி இருக்கும். இரண்டு ஓரத்திலும் முளைக்குக் கல்லில் குழி உண்டு. தெருவில் பாவு நீட்டியிருந்தால் கலெக்டர் ஆபீஸ் ஜீப்புகூட அடுத்த தெருவால் சுற்றிப் போகும்.

அன்னம்மாள் இருக்கிற காலனியில் நேர் தெரு கிடையாது. சுற்றி இருந்த நிலமெல்லாம் அளந்து முடித்து, மிஞ்சிய துண்டில் பட்டா கொடுத்தார்கள். மூன்று வீட்டுக்கு ஒரு வளைவு. குழாயடிக்கு ஒரு முட்டு. தண்ணீர் லாரியே பின்பக்கமாகத்தான் வெளியே போகும்.

அவள் குப்புசாமியிடம் போனாள். அவர் அப்போதுதான் குளித்துத் திருமண் இட்டிருந்தார்.

"அண்ணா, என் பாவ நம்ம தெருவுல நீட்டிக்கறேன். ஒரே ஒரு காலைல."

"யாரு வேணாம்னா?" என்றார் குப்புசாமி. "பொது ரோடும்மா அது. யார் வேணா போட்டுக்கலாம். நான் என்ன அந்தக் காலத்து மனுஷனா? பத்தொன்பது வருஷம் என் வூட்ல இருந்திருக்க, ஒரு நாள் வித்தியாசமா ஒரு வார்த்த சொல்லியிருப்பனா?"

"இல்லண்ணா."

"முறைதான் விஷயம். காலைக்கு ஒரு பாவு. வூட்டு நம்பர் வரிசைல முறை வரும். பங்குனி கடைசி வரைக்கும் முறை ஓடுது."

"எனக்கும் ஒரு முறை சேத்துக்கங்க."

"எந்த நம்பர்ல சேக்கறது? உனக்கு இந்தத் தெருவுல வூட்டு நம்பர் இல்லையே அன்னம். நான் பண்ண சட்டமா? எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்குது. எனக்கும் அதேதான்."

உள்ளேயிருந்து அவர் மனைவி காவேரி எட்டிப் பார்த்தாள். "எட்டு பேரு புடிக்கணுமே, யாரக் கூப்பிடுவ? இங்க ஒரு வூட்டுப் பாவ இன்னொரு வூடு புடிக்கும், அவங்களுத இவங்க புடிப்பாங்க. அப்பிடித்தான ஓடுது."

"இந்தத் தெருவுல நான் புடிக்காத பாவு எதுக்கா?"

காவேரி பொறுமையாகச் சொன்னாள். "புடிச்ச, யாரு இல்லன்னா? எங்க வூட்டு சார்பா புடிச்ச. அதுக்கு அவங்க எங்க பாவுக்கு வந்துட்டாங்களே."

அன்னம்மாளுக்கு இது புதுச் செய்தி. பத்தொன்பது வருஷம் பனியில் நின்று பிடித்த கை யாருடைய கை என்று அவள் யோசித்ததே இல்லை. கோபம் வரவில்லை. ஏதோ ஒரு கணக்கை முதல் தடவையாகச் சரியாகப் புரிந்துகொண்ட மாதிரி இருந்தது.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"ஏரித் தரைல போடலாம்" என்றான் பரசுராமன்.

"காத்துல மண்ணு பறக்கும்."

"சர்ச் பின்னாடி?"

"முப்பதடிதான்."

சுகாசினிதான் சொன்னாள். "நம்ம காலனில நேரா ஒரு ரோடு இருக்குதும்மா."

மூன்று பேருக்கும் அது எது என்று தெரியும். கல்லறைக்குப் போகிற ரோடு. இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் முள். நடுவில் எட்டடி அகல மண் ரோடு, நூறடிக்கு மேல் ஒரு வளைவுகூட இல்லாமல் போகும்.

"செத்தவனுக்கு மட்டும் நேரா போட்டுக் குடுத்தானுங்க பாரு" என்றான் பரசுராமன்.

அன்னம்மாள் வியாழக்கிழமை என்று முடிவு செய்தாள். புதன் சாயங்காலம் ஜெபகுமாரின் அப்பா யேசுதாஸ் இறந்துபோனார். எண்பது வயசு, படுத்து மூன்று மாதம். மகள் ஓசூரிலிருந்து வர வேண்டும், அடக்கம் மறுநாள் நாலு மணிக்கு என்றார்கள். பாவு எட்டு மணிக்கு முடிந்துவிடும். அன்னம்மாள் ஜெபகுமாரிடம் போய்க் கேட்டாள். "போட்டுக்க அத்த. சாயங்காலம்தான?" என்றான் அவன்.

விடியற்காலை அஞ்சரைக்கு முளை அடித்தார்கள். முந்தின நாளே ரோட்டைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தாள். பிடிக்க வந்த எட்டுப் பேரில் ஒருவரும் பட்டு இழையைத் தொட்டவர்கள் இல்லை. கொத்து வேலைக்காரர் இரண்டு பேர், கம்பெனி பஸ்சுக்கு லீவு சொன்ன பெண்கள் மூன்று பேர், அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர் ஒருவர், பரசுராமன், சுகாசினி.

"விரலால புடிக்காதீங்க. உள்ளங்கைய வெச்சித் தாங்குங்க. கொழந்த தலைய தாங்கற மாரி."

"என் கை சிமெண்ட்டு கை அன்னம். இழுத்துக்கினு வந்துடும்."

"எண்ண தடவிக்க. தோ கிண்ணத்துல இருக்குது."

அவள் குரல் அங்கே வேறு மாதிரி இருந்ததை சுகாசினி கவனித்தாள். வீட்டில் அவ்வளவு சத்தமாக அம்மா பேச மாட்டாள். ஏழு மணிக்கு அரக்கு நிறப் பட்டு அறுபதடிக்குத் தகடுபோல நின்றது. கஞ்சி தெளித்துத் துடைத்து நிமிர்ந்தபோது தூரத்தில் பேண்டு வாத்தியம் கேட்டது.

"நாலு மணிதான சொன்னாங்க?"

மூட்டைக்காரர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பொண்ணு ராத்திரியே வந்துட்டுதாம். பாஸ்டருக்கு பத்து மணிக்கு திருமுக்கூடல்ல ஜெபமாம். இப்பவே எடுத்துட்டாங்க."

கஞ்சி ஈரமாக இருந்தது. ஈரத்தில் சுருட்டினால் நாலாயிரம் இழையும் ஒன்றோடொன்று ஒட்டும். பாவு போய்விடும். ஓரமாக ஒதுக்கவும் முடியாது, முள். அன்னம்மாள் ரோட்டின் நடுவில் நின்றாள். பெட்டி வந்தது. முன்னால் பாஸ்டர், பின்னால் நூறு பேர். பேண்டுக்காரர்கள் தாங்களாகவே நிறுத்தினார்கள்.

"ஜெபா," என்றாள். "தப்பு என்னுதுதான். பத்து நிமிஷம் குடுத்தீன்னா..."

ஜெபகுமார் அழுது வீங்கிய முகத்தோடு பாவைப் பார்த்தான். பிறகு பின்னால் திரும்பினான். "ஏ, ஆளுக்கொரு பக்கம் வாங்க. மேல தூக்குங்க இத்த. அப்பாவ அடில கூட்டினு போயிடலாம்."

"அதெப்படிப்பா?" என்றார் பாஸ்டர்.

"பாஸ்டரய்யா, எங்கப்பா வாழ்நாள் முழுக்க கோணியத்தான் போத்தினாரு. ஒரு அறுபதடி பட்டுக்குக் கீழ போவட்டும்."

முப்பது பேர் கை கொடுத்தார்கள். அன்னம்மாள் ஓடி ஓடி "உள்ளங்கை, உள்ளங்கை" என்றாள். முளையிலிருந்து கழற்றிய பாவு தலைக்கு மேலே எழும்பியது. பெட்டியைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பளவில் பிடித்துக் குனிந்தபடி கொண்டுபோனார்கள். வெயில் பட்டின் வழியாக இறங்கி எல்லோர் முகத்திலும் சிவப்பாக விழுந்தது. நூறு ஜோடிக் கால்கள் போனதில் ரோட்டின் மண் மெல்ல எழுந்தது. அது மேலே போய் ஈரக் கஞ்சியில் உட்காருவதை அன்னம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் செய்வதற்கில்லை.

ஒரு இழைகூடச் சிக்கவில்லை. ஆனால் மண் மண்தான். நெய்ய நெய்ய ஊசிமுனையால் நீக்கினாள். நாற்பதாவது நாள் புடவையை அறுத்தபோது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நல்ல புடவை. அவள் நெய்ததிலேயே நல்ல புடவை. புடவையின் உடலில் மூன்று இடத்தில் மட்டும், தெரிந்தவர் தடவினால் மண் தட்டுப்படும்.

தெரிந்தவர்கள்தான் தடவினார்கள். முப்பத்தொரு புடவையில் அன்னம்மாளின் பதினேழாம் நம்பருக்கு ஆறாவது இடம். ஐந்து பேரைத்தான் எடுத்தார்கள். ஐந்து பேரும் நெசவுக்காரத் தெருக்காரர்கள். குப்புசாமி மகன் மூன்றாவது.

குறிப்புத்தாளை சுகாசினி படித்தாள். "நெசவு முதல் தரம். பாவில் மண் துகள்." மடித்து வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். "எங்க லைன்ல பார்ட் ஒண்ணு தேறலன்னா, பார்ட்ட மட்டும் எழுத மாட்டோம்மா. எந்த மெஷின்லேர்ந்து வந்துச்சுன்னும் எழுதுவோம். இவங்க பேர மட்டும் மறைச்சிட்டு எல்லாம் சமம்னுட்டாங்க. நானும் அப்பிடித்தான் நெனச்சேன்."

"அழாத. வா, கடைக்குப் போவலாம்."

"எதுக்கு? சண்டைக்கா?"

"பேசத்தான்."

கடையின் மாடியில் ஸ்ரேயா அவர்களை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். பதினேழாம் நம்பர் யாருடையது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

"எப்படிக்கா மண்ணு வந்துச்சு?"

அன்னம்மாள் சொன்னாள். வீட்டு நம்பர், முறை, கல்லறை ரோடு, பெட்டி எல்லாம். கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். ஸ்ரேயாவின் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, எவ்வளவு பெரிய ஸ்டோரி இது! நான் இதை எழுதறேன். அந்தப் புடவைய தனியா எடுத்துக்கறோம். உங்களுக்கு ஊக்கப் பரிசு மாதிரி ஒண்ணு..."

"வேணாம்மா."

"ஏன்க்கா?"

"கத வேணாம். தெரு வேணும்."

ஸ்ரேயா கொஞ்சம் தடுமாறினாள். "விதி எல்லாருக்கும் ஒண்ணு. உங்களுக்காக நான் மாத்தினா மத்தவங்களுக்கு அது நியாயமா இருக்காதே."

"எனக்காக மாத்த வேணாம். ஒண்ணு மட்டும் எழுதுங்க. பாவ எங்க நீட்டினாங்க, யாரு புடிச்சாங்கன்னு அந்தத் தாள்ல ஒரு கேள்வி வையுங்க. முப்பத்தோரு பேரும் எழுதட்டும். அதப் படிச்சிட்டு அப்பறமா எல்லாருக்கும் ஒண்ணுன்னு சொல்லுங்க."

ஸ்ரேயா பேனாவை எடுத்தாள். எழுதவில்லை, யோசித்தாள். "வைகாசியில இன்னொரு சுற்று இருக்குக்கா. இன்னும் அஞ்சு பேர். நீங்க கண்டிப்பா வரணும். ஆனா தெரு என் கையில இல்லையே. அது பப்ளிக் ரோடு. உங்களை யாரும் தடுக்க முடியாதே, நேரா போய்ப் போடலாமே?"

அன்னம்மாள் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். குப்புசாமியும் இவளும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டார்கள், பொது ரோடு. அவர்கள் ஒரு பேச்சுக்குச் சொன்னார்கள். அன்னம்மாள் அதைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"சரிம்மா. பாவக் குடுங்க" என்றாள்.

இறங்கும்போது சுகாசினி கேட்டாள். "எங்கம்மா போடுவ?"

"பொது ரோட்ல."

"முறை?"

"முறையில்லாத நாள் ஒண்ணு இருக்குது."

அமாவாசையன்று நெசவுக்காரத் தெருவில் யாரும் தறியில் கை வைக்க மாட்டார்கள். பாவும் இல்லை, குறுக்கே ஓடும் ஊடையும் இல்லை. தலைமுறையாக அன்றைக்கு லீவு. தெரு முழுசாகக் காலியாகக் கிடக்கும்.

வைகாசி அமாவாசை. கருட சேவை முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்டிருந்தது. அஞ்சரைக்குப் பரசுராமனின் ஆட்டோ தெருமுனையில் நின்றது. பின்னால் இரண்டு வண்டியில் காலனி ஆட்கள் வந்தார்கள். கொத்துக்காரர்கள், மூட்டைக்காரர், ஜெபகுமார். எல்லோரும் முன்கூட்டியே கையில் எண்ணெய் தடவியிருந்தார்கள்.

"அமாவாசைலயா? எனக்கே ஒரு மாரி இருக்குதும்மே" என்றான் பரசுராமன்.

"உனக்கு அமாவாச. எனக்கு செவ்வாக்கெழம. முளைய அடி."

கல்லில் குழி தயாராக இருந்தது. முளை முதல் அடியிலேயே கச்சிதமாக இறங்கியது. பாவு நீண்டது. இந்த முறை மயில்கழுத்து நிறம். கவைகளை வைத்து, கைகள் சேர்ந்து, இழைகள் பிரிந்து, தெரு நடுவே அறுபதடிக்கு நீலம் தகதகவென்று நின்றது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். யாரும் உள்ளே போகவில்லை.

குப்புசாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் வந்து நின்றார்.

"அன்னம். என்ன இது?"

"பாவுண்ணா."

"அது தெரியுது. இன்னிக்கு என்ன நாள்?"

"அமாவாச. யாருக்கும் முறை இல்லாத நாளாப் பாத்து வந்தேன். யார் முறையையும் நான் எடுக்கல."

"இந்தத் தெருவுல இன்னிக்கு நூலத் தொட மாட்டோம்னு உனக்குத் தெரியாதா? பத்தொன்பது வருஷம் நீயும்தான லீவு இருந்த?"

"நீங்க லீவு வுட்டீங்க, இருந்தேன். இன்னிக்கு வேல என்னுது."

எதிர் வாசலிலிருந்து ஒருவர், "இதெல்லாம் நல்லதுக்கில்ல குப்புசாமி" என்றார்.

"பொது ரோடுன்னு சொன்னது நீங்கதாண்ணா" என்றாள் அன்னம்மாள். குரல் உயரவில்லை. கை வேலையை நிறுத்தவும் இல்லை. "யாரு வேணாம்னான்னு கேட்டீங்க. அதான் வந்தேன். இப்ப வேணாம்னா, வேணாம்னு வாயால சொல்லுங்க. எடுத்துக்கினு போறேன்."

தெரு முழுக்கக் கேட்டது. குப்புசாமி வாயைத் திறந்தார். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு வரவில்லை. அதைச் சொல்லாத மனிதர் என்றுதான் அவர் தன்னைப் பற்றி இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.

அந்த நேரம் பால்காரர் பைக்கில் வந்தார். பாவைப் பார்த்ததும் இன்ஜினை அணைத்து, இறங்கி, சுவரோரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அது யாருடைய பாவு என்று அவர் பார்க்கவில்லை.

வெயில் கோபுரத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. குப்புசாமியின் படிக்கு நேராக இழை ஒன்று அறுந்து காற்றில் ஆடியது. பக்கத்தில் நின்ற கொத்துக்காரருக்கு அது தெரியவில்லை. அன்னம்மாள் அந்த முனையில் இருந்தாள். இன்னும் ஒரு நிமிஷம் ஆடினால் பக்கத்து இழைகளில் சுற்றிக்கொள்ளும்.

குப்புசாமி அதைப் பார்த்தார். பார்க்காமல் இருக்க முகத்தைத் திருப்பினார். மறுபடி பார்த்தார். பிறகு துண்டை உதறிப் படியில் போட்டுவிட்டு இறங்கி வந்து, இரண்டு முனையையும் பிடித்து, எச்சில் தொட்டு முறுக்கி முடிந்தார். அறுபது வருஷக் கை அது.

"ஐயோ, அமாவாசங்க" என்றாள் காவேரி வாசலிலிருந்து.

முடிந்த பிறகும் அவர் நகரவில்லை. இழையை விட்டால் தொய்யும்போல இருந்தது. பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் கொத்துக்காரர், மறுபக்கம் ஜெபகுமார்.

அன்னம்மாள் கஞ்சிக் கிண்ணத்தோடு பாவின் ஓரமாக நடந்து வந்தாள். கல்லறை ரோட்டில் மற்றவர்கள் கையைப் பார்த்தமாதிரியே அவர் கையையும் குனிந்து பார்த்தாள்.

"தளருதுண்ணா," என்றாள். "இழுத்துப் புடிங்க."

அவர் இழுத்துப் பிடித்தார்.